கோசோவுக்கு அரை நாள் போதுமா?

கேள்வி: என் மகன் மால்டாவில் வேலை பார்க்கிறான். வரும் மே மாதம் அவனைப் பார்க்கப் போகிறோம். பக்கத்தில் இருக்கும் கோசோ தீவுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருந்தோம். அங்கிருந்த புகழ்பெற்ற கல் வளைவு கடலில் விழுந்துவிட்டதாமே? ‘இனி அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, அரை நாள் போதும்’ என்கிறார் டிராவல்ஸ்காரர். சரிதானா?

– வாசகர், திருச்சி

பதில்: சரியே இல்லை. அரை நாளும் போதாது, நீங்கள் ஒதுக்கிய ஒரு நாளும் போதாது. இரண்டு இரவாவது தங்குங்கள்.

அஸூர் விண்டோ என்ற அந்தக் கல் வளைவு விழுந்தது உண்மைதான். 2017 மார்ச் 8 காலை, புயல்காற்றில் வளைவும் அதைத் தாங்கிய தூணும் ஒன்றாகவே கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புப் பாறையை அலை அரித்துச் செய்த ஜன்னல் அது, அதே அலை கொண்டுபோய்விட்டது. பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கும் உண்டு. அதற்காக, ஒரு தீவையே ஒரு போட்டோவாக்கி, அந்த போட்டோ போனதும் தீவும் போச்சு என்று சொல்வது பெரிய அநியாயம்.

கோசோ வெறும் 67 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் மால்டாவிலிருந்து வருகிறவர் முதலில் கவனிப்பது அதன் பச்சையைத்தான். காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. மேலே கெட்டியான சுண்ணாம்புப் பாறை, அதற்குக் கீழே நீலக் களிமண். மழைநீர் பாறைக்குள் இறங்கி, களிமண்ணைத் தாண்ட முடியாமல் அங்கங்கே ஊற்றாக வெளியே வரும். ஊற்றை நம்பி வயல். குன்றுகளின் தலை சீவிவிட்டதுபோல் தட்டையாக இருப்பதும் அந்தக் கெட்டிப் பாறையால்தான்.

அந்தக் குன்றுகளில் ஒன்றின் மேல், ஷாரா என்ற ஊரில் இருக்கின்றன ஜகன்டீயா கோயில்கள். கி.மு. 3600 வாக்கில் கட்டத் தொடங்கியவை. கீஸா பிரமிடுகளுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தவை. உலோகக் கருவி எதுவும் கையில் இல்லாத மக்கள் கட்டியிருக்கிறார்கள். அங்கே நின்று நிதானமாகப் பாருங்கள்: வெளிச்சுவருக்குக் கரடுமுரடான கெட்டிக் கல், உள்ளே வாசலுக்கும் பலிபீடத்துக்கும் மிருதுவான பொன்னிறக் கல். எந்தக் கல் வெயிலையும் மழையையும் தாங்கும், எது செதுக்க இணங்கும் என்று தெரிந்து வைத்த கை அது. சில கற்கள் ஐந்து மீட்டருக்கும் நீளம். உருண்டைக் கற்களும் அங்கே கிடைத்திருக்கின்றன. பாறைகளை அவற்றின் மேல் உருட்டி வந்திருப்பார்கள் என்று கருதுகிறார்கள். ஊர்க்காரர்களோ, தோளில் குழந்தையைச் சுமந்த ஒரு ராட்சசி தனி ஆளாகக் கட்டினாள் என்று கதை சொல்லி வந்தார்கள். இதைப் பார்த்துவிட்டு வந்து ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

அப்புறம் விக்டோரியா ஊரின் நடுவே உள்ள கோட்டை. 1551 ஜூலையில் துருக்கியக் கப்பற்படை இந்தத் தீவுக்கு வந்தது. கோட்டை சில நாளுக்குமேல் தாங்கவில்லை. ஏறக்குறைய 5,000 பேரை, அதாவது தீவின் மக்களில் பெரும்பகுதியை, அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு கோட்டை மதில் வலுவாகக் கட்டப்பட்டது. ஆனாலும் 1637 வரை, இருட்டினால் மக்கள் கோட்டைக்குள் வந்துவிட வேண்டும் என்பது சட்டம். பகலெல்லாம் வயலில் வேலை, சாயங்காலம் பிள்ளைகுட்டிகளோடு மேடேறி மதிலுக்குள் படுக்கை. இப்படியே தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. மதில்மேல் நின்றால் தீவு முழுக்கத் தெரியும். எந்தத் திசையிலிருந்து கப்பல் வருகிறதென்று பயந்து பார்த்த இடம் அது என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

கோட்டைக்குள் இருக்கும் பேராலயத்தில் தவறாமல் நிமிர்ந்து பாருங்கள். மேலே அழகான குவிமாடம் தெரியும். வெளியே வந்து பார்த்தால் கூரை தட்டை! கட்டி முடிக்காமல் விட்ட குவிமாடத்தை, இத்தாலிய ஓவியர் ஒருவர் 1739இல் துணியில் வரைந்து உட்கூரையில் பொருத்தியது அது.

கடற்கரை என்றால் ராம்லா. செம்பொன் நிற மணல், பெரும்பாலும் ஆழமில்லாத தண்ணீர். எதிரிப் படகுகள் கரையேறாமல் தடுக்க, அந்நாளில் மால்டாவை ஆண்ட கிறிஸ்தவ வீரத்துறவிகள் கட்டிய சுவர் அந்தத் தண்ணீருக்கு அடியில் இன்னும் கிடக்கிறது. ஷ்லென்டி குறுகலான குடா, சாப்பாட்டுக் கடைகள் நிறைய. அங்கே ஒரு சாயங்காலம் போதும்.

வடக்குக் கரையில் ஷ்வெய்னி உப்பளத்துக்குக் கட்டாயம் போங்கள். பாறையிலேயே சதுரம் சதுரமாக வெட்டிய ஆழமில்லாத தொட்டிகள். கடல்நீரை விட்டு, வெயிலில் காயவைத்து, படிந்த உப்பைப் பெருக்கி எடுக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்கள் இந்த வேலையைச் செய்துவருகின்றன. உப்பு விளைவது கோடையில்தான், உங்கள் மே மாதம் அதன் தொடக்கம்.

வளைவு நின்ற துவெய்ராவுக்கும் போகத்தான் வேண்டும். அங்கே பாறைக்குள் ஒரு குகைவழியாகக் கடல் நுழைந்து, உள்ளே குளம்போல் தேங்கி நிற்கிறது. சிறு படகில் அந்த இருட்டு வழியாக வெளிக்கடலுக்குப் போய் வரலாம். அலை அடங்கிய நாளாகப் பார்த்துப் போங்கள்.

மால்டாவின் சிர்க்கெவ்வா துறையிலிருந்து பெரிய படகில் கோசோவுக்கு 25 நிமிடம். போகும்போது டிக்கெட் கேட்க மாட்டார்கள், கோசோவிலிருந்து திரும்பும்போதுதான் காசு வாங்குவது வழக்கம். அதனால் திரும்பும் நாளை இப்போதே முடிவு செய்து டிராவல்ஸ்காரரிடம் சொல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.