1950களிலேயே அமெரிக்கக் கார் கம்பெனிகள் வெளிநாட்டில் செய்து வாங்கினவா? அது கட்டுப்படியானதா?

வாங்கின. நாஷ் கம்பெனி ஒரே காலகட்டத்தில் இரண்டு விதமாக வாங்கிப் பார்த்தது. ஒன்று கட்டுப்படியாகவில்லை, இன்னொன்று நன்றாகவே ஓடியது. கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பர்ச்சேஸும் பிளானிங்கும் பார்ப்பவன் நான். எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன்.

முதலாவது, நாஷ்-ஹீலி என்ற ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சினும் கியர்பாக்ஸும் அமெரிக்காவின் கெனோஷாவிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து போகும். வார்விக்கில் பிரிட்டிஷ் கார் தயாரிப்பாளர் டொனால்ட் ஹீலியின் ஆட்கள் அவற்றைச் சேஸிஸில், அதாவது காரின் அடிச்சட்டத்தில், பூட்டுவார்கள். 1952இல் பாடி கட்டும் வேலை பினின் ஃபரினா என்ற இத்தாலிய கம்பெனியிடம் போனது. அப்புறம் அந்தச் சேஸிஸ் இத்தாலியின் டூரின் வரை போய், பாடி ஏறி, மறுபடி அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கா வர வேண்டும். எஞ்சினில் போட்ட பணம் கார் விற்கும்வரை முடங்கிக் கிடக்கும். நடுவில் ஓரிடம் தாமதித்தாலும் மற்ற இடங்களில் வேலை நிற்கும். விலை எங்கே அடங்கும்? 1951இல் சுமார் 4,000 டாலர், 1953இல் 6,000ஐ ஒட்டிவிட்டது. அந்த ஆண்டு வந்த செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் கார் கார்வெட் சுமார் 3,500தான். 1954இல் நிறுத்தியபோது மொத்தமே 506 கார்கள். அத்தனை அழகான கார், போட்ட திட்டம்தான் அதைக் கவிழ்த்தது.

இரண்டாவது, மெட்ரோபாலிட்டன். சின்னக் கார் வேண்டும் என்று நாஷ் தலைவர் ஜார்ஜ் மேசனுக்கு ஆசை. ஆனால் குறைந்த எண்ணிக்கைக்கு அமெரிக்காவில் டை, அதாவது தகடு அழுத்தும் அச்சு, அடித்தால் செலவு தாங்காது. பிரிட்டனோ டாலருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. 1949இல் பவுண்டின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80க்கு இறக்கியிருந்தார்கள், அதனால் டாலர் கொடுத்து அங்கே வாங்குவது மலிவானது. 1952இல் ஒப்பந்தம் ஆனது. பாடி ஃபிஷர் அண்ட் லட்லோ, எஞ்சினும் அசெம்பிளியும் ஆஸ்டின், இரண்டும் பர்மிங்காமிலேயே. எஞ்சின் ஆஸ்டினின் ஏ40 காரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது என்பதால் புது லைன் தேவைப்படவில்லை. இடது, வலது கதவுகளின் வெளித்தகடுகூட ஒரே அச்சு. முதல் ஆர்டர் 10,000 கார்கள், விற்றால் மேலே கூட்டிக்கொள்ளலாம் என்பது பேச்சு. கடலைத் தாண்டியது ஒரே முறை, அதுவும் முழுக் காராக. 1961இல் உற்பத்தி நின்றது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்துச் சுமார் 95,000 விற்றன.

இதிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. டிக்கிக்கு வெளியே மூடி கிடையாது. பின்சீட்டை மடக்கித்தான் சாமான் வைக்க வேண்டும். மூடி வந்தது 1959இல். டை செலவு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்று அதை முதல் ஆர்டரிலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.