பிளேடு 3 அங்குலத்தை ஒட்டியிருக்கும் பழைய மடக்குக் கத்தியைச் சட்டச் சிக்கல் இல்லாமல் உடன் வைத்துக்கொள்வது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: பல வருடமாகக் கைக்குப் பழகிய மடக்குக் கத்தி. பிளேடு ஏறக்குறைய 3 அங்குலம். புதிது வாங்க மனமில்லை. போகிற ஊரின் நீள வரம்புக்குள் அது அடங்குகிறதா என்று எப்படிப் பார்ப்பது? அடங்காவிட்டால் என்ன செய்வது?

அளவுகோலை எடுப்பதற்கு முன்னால் வேறு இரண்டைப் பாருங்கள்: கத்தி எப்படித் திறக்கிறது, திறந்தபின் பூட்டிக்கொள்கிறதா. பல நாடுகளில் நீளத்தின் பேச்சே இவற்றுக்குப் பிறகுதான் வருகிறது.

பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139-ஆம் பிரிவு, வெட்டுவாய் 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 செ.மீ.க்கு, மிகாத மடக்குப் பேனாக்கத்தியைக் காரணம் எதுவும் சொல்லாமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ள விடுகிறது. ஆனால் திறந்ததும் பூட்டிக்கொள்ளும் கத்திக்கு அந்தச் சலுகை கிடையாது என்று அங்குள்ள நீதிமன்றம் 1990-களிலேயே சொல்லிவிட்டது. மடக்குவதற்கு முன் ஒரு பட்டனை அமுக்கவோ வளையத்தைத் திருப்பவோ வேண்டியிருந்தால், அது நினைத்த நேரத்தில் அப்படியே மடங்குகிற கத்தி இல்லை என்பது வாதம். ஆகவே 2 அங்குல லைனர் லாக் கத்தியை (கைப்பிடிக்குள் இருக்கும் தகடு திறந்த பிளேடைப் பூட்டும் வகை) வைத்திருப்பவரும் தகுந்த காரணம் காட்டியாக வேண்டும். பிரான்ஸின் ஒபினெல் நிறுவனத்து 6-ஆம் எண் மடக்குக் கத்தியின் பிளேடு சுமார் 7 செ.மீ.தான். நீளத்தில் தப்பிக்கும், பிளேடைப் பூட்டும் விரோபிளாக் வளையத்தில் மாட்டும். சுவிஸ் நிறுவனமான விக்டோரினாக்ஸின் 91 மி.மீ. (மடக்கிய நிலையில் மொத்த நீளம், பிளேடின் நீளமல்ல) கத்திகளில் பெரிய பிளேடுக்குப் பூட்டு இல்லை, முதுகு ஸ்பிரிங்தான் பிடித்துக்கொள்கிறது. அதே நிறுவனத்தின் 111 மி.மீ. கத்திகள் பெரும்பாலும் பூட்டு உள்ளவை. கடையில் இரண்டும் ஒரே கண்ணாடிப் பெட்டியில் இருக்கும், சட்டத்தில் இரண்டும் வெவ்வேறு சாதி.

ஜெர்மனியில் கணக்கு வேறு. அங்கே ஆயுதச் சட்டத்தின் 42அ பிரிவு, ஒரே கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியையும் 12 செ.மீ.க்கு மேல் பிளேடு உள்ள மடங்காத கத்தியையும் தகுந்த தேவையின்றி வெளியில் எடுத்துச் செல்வதைத் தடுக்கிறது. பூட்டு இருக்கலாம், ஆனால் திறக்க இரண்டு கை வேண்டும். ஜப்பானில் பொதுவான வரம்பு 6 செ.மீ. மடக்குக் கத்திக்கு 8 செ.மீ. வரை விலக்கு உண்டு, ஆனால் அகலம் 1.5 செ.மீ.க்கும் தடிமன் 2.5 மி.மீ.க்கும் மிகக் கூடாது, திறந்த பிளேடை நிலையாகப் பூட்டும் அமைப்பும் இருக்கக் கூடாது. அதற்கும் கீழே உள்ள சின்னக் கத்தியைக்கூடக் காரணமில்லாமல் மறைத்து வைத்திருந்தால், சிறு குற்றங்களுக்கான சட்டத்தில் பிடிக்க வழி இருக்கிறது. பட்டனைத் தட்டினால் ஸ்பிரிங் விசையில் பாய்ந்து திறக்கும் பட்டன் கத்திக்கு நீளம் பார்க்காமலே தடை போட்ட நாடுகள் பல.

அடுத்து, சட்டத்தில் உள்ள எண் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். இதைக் கவனிக்காமல் இணையத்தில் 'அங்கே 3 அங்குலம், இங்கே 9 அங்குலம்' என்று பட்டியல் போடுவதில் பயனில்லை. பிரிட்டனின் 3 அங்குலம் ஒரு விலக்கு, அதைத் தாண்டினால் கத்தியே தடை என்று பொருளில்லை, காரணம் காட்டும் பொறுப்பு உங்கள் மேல் வருகிறது. இந்திய ஆயுத விதிகள் 2016-இல் வரும் 9 அங்குல நீளமும் 2 அங்குல அகலமும் வேறு கதை. அவற்றில் ஏதாவது ஒன்றைத் தாண்டிய பிளேடு, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ செய்யப்படாததாக இருந்தால், ஆயுதம் என்ற வகைக்குள் போகிறது. அதை வைத்து 'இந்தியாவில் 9 அங்குலம் வரை எதுவும் எடுத்துப் போகலாம்' என்று முடிவுகட்டுவது தவறு. டெல்லியில் 1980-இல் வந்த அறிவிக்கை, ஸ்பிரிங்கிலோ பட்டனிலோ வேறு விசை அமைப்பிலோ திறந்து மூடும் கத்தி 7.62 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமும் 1.72 செ.மீ. அல்லது அதற்கு மேல் அகலமும் கொண்டிருந்தால் அதைத் தனியாகக் கட்டுப்படுத்துகிறது. கனடாவின் குற்றவியல் சட்டம் மடக்குக் கத்திக்கு நீள வரம்பே வைக்கவில்லை. பட்டனாலோ, புவியீர்ப்பாலோ, கையை வீசுவதாலோ தானாகத் திறந்தால் தடை, அவ்வளவுதான். மலேசியாவின் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அளவுகோலுக்கு வேலையில்லை, பொது இடத்தில் அதை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

'மிகாத', 'குறைவான', 'அல்லது அதற்கு மேல்' என்ற மூன்று சொற்களையும் விரல் வைத்துப் படியுங்கள். துல்லியமாக 7.62 செ.மீ. உள்ள பிளேடு பிரிட்டனின் வரம்புக்கு உள்ளே, டெல்லி அறிவிக்கையின் பிடிக்கும் உள்ளே. அமெரிக்க மத்திய அரசுக் கட்டடங்களில் 2½ அங்குலத்துக்குக் 'குறைவான' பிளேடு உள்ள பேனாக்கத்திக்கே விலக்கு. சரியாக 2½ இருந்தால் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இப்போது அளக்கலாம். டேப் வேண்டாம், பிளேடின் வளைவோடு வளைந்து கூடுதலாகக் காட்டும். ஸ்டீல் ஸ்கேல் போதும், வெர்னியர் இருந்தால் நல்லது. கத்தியை முழுதாகத் திறந்து படுக்க வைத்து, நுனியிலிருந்து கைப்பிடி பிளேடை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் முன்விளிம்பு வரை நேர்கோட்டில் அளவெடுங்கள். அமெரிக்கக் கத்தித் தொழில் அமைப்பு பரிந்துரைக்கும் முறையும் இதுதான். பல கைப்பிடிகளில் இடது, வலது தட்டுகள் ஒரே இடத்தில் முடியாது. சில கத்திகளில் முதுகுப் பக்கம் பிளேடு கொஞ்சம் கூடுதலாக வெளியே தெரியும். இரண்டு பக்கமும் முதுகும் அளந்து, வருவதில் பெரியதை உங்கள் எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவாயின் நீளம் தனி. கைப்பிடிக்கு அருகில் தீட்டப்படாத மொட்டைப் பகுதியோ, விரல் வைக்கும் பள்ளமோ இருந்தால், கூர் தொடங்கும் இடம் 5 முதல் 12 மி.மீ. வரைகூட முன்னால் தள்ளியிருக்கும். பிரிட்டன் சட்டம் வெட்டுவாயைச் சொல்கிறது, வேறு பல இடங்களின் சட்டம் 'பிளேடு' என்று மட்டும் சொல்லிவிட்டு எங்கிருந்து எங்கே என்று விளக்காது. விளக்கம் இல்லாத இடத்தில் உங்கள் கத்தியை அளக்கப்போகிறவர் உங்களுக்குச் சாதகமான புள்ளியிலிருந்துதான் அளப்பார் என்று நம்பாதீர்கள். முழு பிளேடும் வரம்புக்கு 3 மி.மீ.யாவது கீழே இருந்தால்தான் நிம்மதி. பெட்டியில் அச்சிட்ட எண்ணையும் நம்ப வேண்டாம். '3 அங்குலம்' என்பது பல சமயம் 7.5 அல்லது 7.7-ஐ முழு எண்ணாக்கிப் போட்டது. வருடக்கணக்கில் சாணை பிடித்த கத்தி முதலில் அகலத்தில்தான் தேயும், நீளம் அந்த அளவுக்குக் குறைந்திருக்காது.

2, 3 மி.மீ. கூடுதலாக வந்தால் நுனியைக் குறைக்கலாம். விற்பனை மதிப்பும் நிறுவன உத்தரவாதமும் போகும், வேலை செய்யும் திறன் போகாது. எந்தப் பக்கத்திலிருந்து தேய்க்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதுகிலிருந்து சரிவாக வாய்ப்பக்கம் இறக்கித் தேய்க்க வேண்டும். வாய்ப்பக்கத்திலிருந்து தேய்த்தால் நுனி முதுகை நோக்கி ஏறிவிடும். கத்தியை மடக்கும்போது வாய் உள்ளேயும் முதுகு வெளியேயும் இருப்பதால், ஏறிய நுனி கைப்பிடிக்கு வெளியே எட்டிப் பார்க்கும், பையில் கை விடும்போது விரலைக் கிழிக்கும். தேய்க்கும் முன் கத்தியை மடக்கி, கைப்பிடித் தட்டின் விளிம்பு பிளேடில் எங்கே வருகிறது என்று மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். புது நுனி அந்தக் கோட்டுக்குக் குறைந்தது 1 மி.மீ. உள்ளே விழ வேண்டும்.

வாயை மாஸ்கிங் டேப்பால் இரண்டு சுற்றுச் சுற்றி, பிவட் (பிளேடு சுழலும் அச்சு) இடுக்கில் தூள் போகாமல் அங்கேயும் ஒரு துண்டு ஒட்டி, 220 முதல் 325 வரை கரட்டு எண் (கிரிட்) உள்ள வைரத் தட்டில் கையால் தேய்ப்பதே பாதுகாப்பு. நேரம் பிடிக்கும், ஆனால் சூடு ஏறாது. கிரைண்டரில் வைத்தால் இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு முறை தண்ணீரில் முக்க வேண்டும், கையுறை இல்லாமல் விரலால் பிடித்திருக்க வேண்டும், விரல் சுட்டால் உடனே முக்க வேண்டும். நுனி மெல்லியது, சூடு அங்கேதான் சேரும். கார்பன் எஃகில் வைக்கோல் மஞ்சள் தெரிந்தால் 200 டிகிரி செல்சியஸ் தாண்டிவிட்டது, நீலம் வந்தால் 300-ஐ நெருங்கிவிட்டது, அந்த இடத்தில் பதம் போய்விட்டது. ஸ்டெயின்லெஸ் எஃகில் நிறம் இன்னும் தாமதமாகத்தான் வரும், ஆகவே நிறம் வரவில்லையே என்று தேய்த்துக்கொண்டே போகக் கூடாது. அளவு வந்ததும் 600, 1000 எண் உப்புத்தாளில் முதுகை மழுக்கி, கடைசி 5 மி.மீ. வாயை மட்டும் மறுபடி தீட்டிக்கொள்ளுங்கள்.

பூட்டைக் கழற்றுவது எனக்கு உடன்பாடில்லாத வேலை. லைனர் லாக் கத்தியில் பூட்டுத் தகடுதான் மூடிய பிளேடையும் ஒரு சிறு குண்டால் பிடித்து வைத்திருக்கிறது. தகட்டை வளைத்தாலோ எடுத்தாலோ பிளேடு பைக்குள்ளேயே தானாகத் திறக்கும். ஒபினெல் வளையத்தைக் கழற்றினால் உராய்வு மட்டும் மிஞ்சும், ஈரத்தில் மரம் உப்பினால் திறக்க வராது, காய்ந்தால் வெட்டும்போது விரல் மேல் மடங்கும். பூட்டு கூடாத ஊருக்குப் பூட்டில்லாத இன்னொரு கத்தியை வாங்கிவிடுவதே மேல். கட்டைவிரலால் தள்ளித் திறக்க பிளேடில் பொருத்தியிருக்கும் குமிழ் வேறு விஷயம். ஒரு கைத் திறப்புதான் பிரச்சினை என்றால், திருகி மாட்டிய குமிழைக் கழற்றிவிட்டு, பிளேடில் நகம் மாட்டி இழுப்பதற்கான நகப்பள்ளத்தால் இரண்டு கையில் திறக்கலாம். நகப்பள்ளம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில மாடல்களில் குமிழே பிளேடைத் திறந்த நிலையில் தடுத்து நிறுத்தும் ஊசியாகவும் இருக்கும். அதைக் கழற்றினால் பிளேடு பின்னால் சாய்ந்துவிடும்.

பழைய கத்தியில் இன்னொன்று தானாகவே மாறியிருக்கும்: பிவட் தளர்வு. மணிக்கட்டைச் சுண்டினால் பிளேடு வெளியே வந்து பூட்டிக்கொள்கிறது என்றால், கனடா போன்ற இடங்களில் அது சாதாரண மடக்குக் கத்தி இல்லை. பிவட் ஸ்க்ரூ பெரும்பாலும் டி6 அல்லது டி8 டார்க்ஸ் (நட்சத்திர வடிவத் தலை). தரமான பிட் போடுங்கள், மலிவான பிட் ஸ்க்ரூத் தலையைத் தின்றுவிடும். கழற்றி, பழைய பசையைத் துடைத்து, ஸ்க்ரூ தானாகத் தளராமல் பிடிக்கும் நீல நிறத் திரெட் லாக்கர் பசையை ஊசி முனை அளவு வைத்து, எட்டில் ஒரு சுற்றாக இறுக்கிக்கொண்டே வாருங்கள். பிளேடு பக்கவாட்டில் ஆடாமல், சுண்டினால் திறக்காமல், விரலால் தள்ளினால் சீராக வருகிற இடத்தில் நிறுத்துங்கள். சிவப்பு லாக்கர் போட்டால் அடுத்த முறை சூடாக்கித்தான் கழற்ற வேண்டியிருக்கும். பூட்டில்லாத கத்தியில் ஸ்பிரிங் சோர்ந்ததுபோலத் தெரிந்தால், முக்கால்வாசி பைத் தூசியும் காய்ந்த எண்ணெயும்தான் காரணம். வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, உலர்த்தி, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள்.

எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பதற்கும் சட்டம் உண்டு. நியூயார்க் நகர விதி பொது இடத்தில் 4 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள பிளேடைத் தடுப்பதோடு, எந்தக் கத்தியையும் வெளியே தெரியும்படி அணிவதையும் தடுக்கிறது. பாக்கெட் விளிம்பில் பளபளக்கும் கிளிப் அங்கே வம்பு. வேறு சில ஊர்களில் நேர்மாறாக மறைப்பதுதான் குற்றம். ஆகவே மாநிலச் சட்டத்தோடு நிற்காமல் நகர விதியையும் படியுங்கள். பள்ளி, நீதிமன்றம், மெட்ரோ, விளையாட்டரங்கம் ஆகியவற்றுக்குத் தனி விதி. ஜெர்மனியில் 2024-இல் வந்த திருத்தத்துக்குப் பின் பொதுத் திருவிழாக்களிலும் ரயில்களிலும் கத்தித் தடை இன்னும் இறுகிவிட்டது.

காரணம் கேட்டால் 'தற்காப்பு' என்று சொல்லிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் அது நியாயமான காரணமாகாது என்று சட்டமே சொல்கிறது. பிரிட்டனிலும் அந்தப் பதில் சாதாரணக் கருவியை ஆயுதமாக்கிவிடும். அட்டைப்பெட்டி பிரிக்க, கயிறு அறுக்க, பழம் நறுக்க என்று உண்மையான வேலை இருக்கும் நாளில் எடுத்துப் போங்கள், வேலை முடிந்தால் வீட்டில் வையுங்கள். காவலர் நிறுத்தினால் கையை பாக்கெட்டுக்குள் விடாமல், எந்தப் பையில் கத்தி இருக்கிறது என்று முதலில் வாயால் சொல்லுங்கள்.

விமானத்துக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. ஐரோப்பிய விதி 6 செ.மீ.க்கு மேல் உள்ள பிளேடைத்தான் கேபினில் தடுக்கிறது, அமெரிக்காவில் 2013-இல் சிறு கத்திகளை அனுமதிக்கும் திட்டம் வந்து கைவிடப்பட்டது. மடக்கி, தடித்த துணியில் சுற்றி, சரக்குப் பெட்டியில் போட்டு அனுப்புங்கள். இறங்குகிற நாட்டின் விதியைப் பெட்டி கட்டும் முன்பே படித்துவிடுங்கள், ஏனென்றால் விமானம் தரையிறங்கியதிலிருந்தே அந்த ஊர்ச் சட்டம்தான்.