மூளைத் தமனி வீக்கம் வெடித்தவருக்குத் தமனிகளின் அமைப்பே மாறுபட்டிருந்தால் சிகிச்சை ஏன் கடினமாகிறது?

அனியூரிசம் என்பது தமனிச் சுவர் நலிந்த இடத்தில், பெரும்பாலும் கிளை பிரியும் முனையில், சிறு பைபோலப் புடைப்பது. அது வெடித்தால் மூளையைச் சூழ்ந்த நீர்வெளியில் ரத்தம் பரவி, அதுவரை கண்டிராத தலைவலி நொடியில் தாக்கும். மீண்டும் வெடிக்காதிருக்க, மண்டையோட்டைத் திறந்து பையின் கழுத்தில் கிளிப் இடுவார்கள். அல்லது தொடைத் தமனி வழியே நுண்குழாயைச் செலுத்திப் பைக்குள் பிளாட்டினச் சுருள்களை நிரப்புவார்கள்.

எப்படிச் செய்தாலும் பக்கத்துக் குழாய் அடைபடக் கூடாது. மூளையின் அடியில் தமனிகள் வளையமாக இணைந்திருப்பதால் (1664-இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் விவரித்த வளையம் இது) ஒரு பக்கம் தடைபட்டால் மறுபக்கம் ஓரளவு ஈடுகட்டும். ஆனால், வலம் இடம் என இரண்டாக இருக்க வேண்டிய முன்மூளைத் தமனிகள் மிகச் சிலருக்கு ஒரே தண்டாக இருக்கும். இரண்டு தெருக்களுக்கு ஒரே குடிநீர்க் குழாய் போட்டது போன்ற நிலை இது: கசிவை அடைக்கப்போய்க் குழாயை நெரித்துவிட்டால் இரண்டு தெருக்களும் வறண்டுவிடும், அதாவது கால்களை இயக்கும் மூளைப் பகுதிகளுக்கு ரத்தம் போகாமல் இரண்டு கால்களுமே செயலிழக்கலாம். போதாக்குறைக்கு, வீக்கம் தோன்றுவதும் பெரும்பாலும் அந்தத் தண்டு பிரியும் முனையில்தான். ஆகவே ரத்தக் குழாய்களின் அமைப்பைக் காட்டும் ஆஞ்சியோகிராம் படத்தைப் பொறுமையாக வாசிப்பதே இங்கு பாதிச் சிகிச்சை என்பேன்.

மாறுபட்ட அமைப்பையே நோயென்று பலர் அஞ்சுகிறார்கள். அது பிறவியிலேயே அமைவது, வீக்கம் இல்லாதவரை அதற்கென்று தனிச் சிகிச்சை பொதுவாகத் தேவைப்படுவதில்லை.