குச்சியை வாசலிலேயே வாங்கி வையுங்கள்: வாசகர் கேள்வி பதில்

தமிழக-கேரள எல்லையில் வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள தீம் பார்க்குகள், நீர் விளையாட்டுப் பூங்காக்கள் பற்றி வந்த கேள்விகளில், செல்ஃபி ஸ்டிக் தொடர்பானவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கே: போனை உள்ளே விடுகிறார்கள், செல்ஃபி ஸ்டிக்கை மட்டும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். முக்கால் மீட்டர் குச்சியில் அப்படி என்ன ஆபத்து? வீண் கெடுபிடியாகத் தெரிகிறது. (வாசகர், கொழிஞ்சாம்பாறை)

ப: அந்த முக்கால் மீட்டர்தான் ஆபத்து. ரைடை வடிவமைக்கும்போதே, உட்கார்ந்திருப்பவர் கையைக் காலை எவ்வளவு நீட்டினாலும் எதிலும் இடிக்காதபடி சுற்றிலும் இடம் விடுவார்கள். தூண், குறுக்குக் கம்பி, பக்கத்துத் தண்டவாளம், மரக்கிளை எல்லாம் அந்த எல்லைக்கு வெளியேதான் இருக்கும். அந்தக் கணக்கு மனிதக் கைக்குப் போட்டது, குச்சிக்கு அல்ல.

அடுத்தது கனம். 200 கிராம் போன், புவியீர்ப்பைப் போல மூன்று மடங்கு விசை (3 ஜி) வரும் வளைவில் 600 கிராம் போலக் கனக்கும். அதுவும் உள்ளங்கையில் அல்ல, முக்கால் மீட்டர் தள்ளிக் குச்சி நுனியில். போனைப் பிடித்திருப்பது ஒரு சின்ன ஸ்பிரிங் கிளிப். குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நிற்பது வெறும் உராய்வில். கை உறுதியாக இருந்தாலும் கிளிப் விட்டுவிடும், இல்லையென்றால் நடுக்குழாய் உருவிக்கொள்ளும். மணிக்கு 60 கிலோமீட்டரில் பறக்கும் போன் கீழே நிற்பவர் மேல் பட்டால், சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடிக்கு மேலிருந்து, நேராக விழுந்து தாக்குவதற்குச் சமம். நீட்டினவருக்கு ஒன்றும் ஆகாது. வரிசையில் குழந்தையோடு நிற்பவருக்குத்தான் அடி.

"ரைடில் மட்டும் கூடாது, மற்ற இடத்தில் பரவாயில்லை" என்ற ஏற்பாட்டை டிஸ்னியே செய்து பார்த்துவிட்டது. அந்தத் தடை இருக்கும்போதே 2015 ஜூனில் கலிஃபோர்னியா பூங்காவில் ஒருவர் ரோலர் கோஸ்டரில் குச்சியை எடுக்க, ரைடை நிறுத்த வேண்டியதாயிற்று. அதே மாதம் 30ஆம் தேதி முதல் அமெரிக்கப் பூங்காக்களிலும், மறுநாள் முதல் பாரிஸ், ஹாங்காங் பூங்காக்களிலும் குச்சியை வாசலுக்குள்ளேயே விடுவதில்லை என்று முடிவானது. உள்ளே வந்துவிட்ட குச்சி எப்படியும் ரைடு வரைக்கும் வரும்.

கே: எங்கள் பூங்காவில் தடை போட்டு ஒரு வருஷம் ஆகிறது. பலகையும் வைத்திருக்கிறோம். ஆனாலும் தினமும் உள்ளே பத்துப் பதினைந்து குச்சிகள். ஞாயிற்றுக்கிழமை கேட்டில் சண்டை வேறு. எங்கே தவறுகிறோம்? (மேற்பார்வையாளர், பாலக்காடு மாவட்டம்)

ப: அநேகமாகப் பலகை டிக்கெட் கவுண்டரைத் தாண்டி இருக்கும். காசு கட்டிய பிறகு "கூடாது" என்றால் யாருக்கும் கோபம் வரும். தடையைச் சொல்லும் வேலை டிக்கெட்டுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

முதலில் பஸ்கள். பொள்ளாச்சி, உடுமலை, பழநி பக்கமிருந்து வரும் காலேஜ், கம்பெனி டூர் எல்லாம் பெரும்பாலும் முன்பதிவுதான். பதிவு செய்யும்போதே கூட்டி வருபவரிடம் போனில் சொல்லுங்கள். வண்டி பார்க்கிங்கில் நின்றதும், ஆள் இறங்கும் முன் ஒரு காவலாளி படியேறி ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: "செல்ஃபி ஸ்டிக், டிரைபாட் எல்லாம் சீட்டிலேயே வெச்சிட்டு வாங்க, உள்ள விட மாட்டாங்க." ஐம்பது பேர் விஷயம் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். செலவே இல்லாத இந்த வேலையைத்தான் பல பூங்காக்கள் செய்வதில்லை.

பலகை இரண்டு போதும். ஒன்று பார்க்கிங்கில், இன்னொன்று கவுண்டர் வரிசை தொடங்கும் இடத்தில், கண் மட்டத்தில். குச்சிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு. கீழே மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் மூன்று வரி: எது கூடாது, எங்கே வைக்கலாம், கட்டணம் உண்டா. பிவிசி ஃபிளெக்ஸுக்குக் கேரளத்தில் 2019 முதல் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு அது ஆடி மாதம் தாங்காது. தகரத்தில் பெயிண்ட் அடித்து எழுதிவிடுங்கள்.

அடுத்து மேசைக் கணக்கு. காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள் 600 பேர் வருகிறார்கள், அதில் 200 பேரிடம் பை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைக்கு 25 விநாடி என்றால் 5,000 விநாடி. அதாவது 83 நிமிஷம். ஒரு மேசையால் ஆகாது. வரிசை நீண்டால் காவலாளி பார்க்காமலே கையை அசைத்து அனுப்புவார். உள்ளே போகிற குச்சியில் பெரும்பங்கு அந்த நேரத்தில் போனதுதான். அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் இரண்டு மேசை போட்டு, பை இல்லாதவர்களுக்குத் தனி வரிசை விடுங்கள். பையைத் திறப்பது பைக்காரர் வேலை. காவலாளி உள்ளே கை விடக் கூடாது. மடித்த குச்சி இருபது சென்டிமீட்டர்தான் இருக்கும். குடைக்குப் பக்கத்திலும், தண்ணீர் பாட்டில் செருகும் பக்கப் பையிலும்தான் அதிகம் மாட்டும். கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டர் அலுமினியத்துக்கும் சத்தம் போடும், சாவிக்கும் போடும். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

வாங்கி வைக்கும் முறையில்தான் பாதிச் சண்டை. இரு பாதி டோக்கன் அடியுங்கள்: ஒரு பாதி ரப்பர் பேண்டில் குச்சியோடு, மறு பாதி உரியவர் கையில். கறுப்புக் குச்சிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் நம்பர் இல்லாமல் வாங்கினால் சாயங்காலம் ஆறு மணிக்கு ரணகளம்தான். நாளுக்கு ஒரு நிறம் வைத்தால் முந்தின நாள் மிச்சம் உடனே தெரியும். புளூடூத் பட்டன் உள்ள குச்சியின் பிடியில் லித்தியம் பேட்டரி இருக்கும். பங்குனி சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் அவற்றைத் தகரக் கொட்டகையில் குவிக்காதீர்கள். நிழலும் காற்றும் உள்ள இடம் வேண்டும். கட்டணமும் வேண்டாம். பத்து ரூபாய் கேட்டால் குச்சி இடுப்புக்குள் போய்விடும்.

காவலாளிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒரே வாக்கியம். "அண்ணா, குச்சியை இங்க வெச்சிட்டு இந்த டோக்கனை வெச்சுக்குங்க, போறப்ப வாங்கிக்கலாம்." மலையாளி குடும்பம் என்றால் "சேட்டா" என்று தொடங்கட்டும். "கூடாது" என்ற சொல் அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கே: ரோலர் கோஸ்டர் கிளம்பின பிறகு ஒருவர் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து குச்சியை எடுக்கிறார். எமர்ஜென்சி பட்டனை அமுக்கலாமா? (ரைடு ஆபரேட்டர்)

ப: ரயில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சங்கிலி இழுத்து மேலே ஏற்றும் ஏற்றத்தில் இருந்தால், உடனே லிஃப்டை நிறுத்துங்கள். பின்னோக்கி உருளாமல் தடுக்கும் பற்கள் ரயிலைத் தாங்கும். மைக்கில் சீட் வரிசையைச் சொல்லிப் பேசுங்கள்: "மூணாவது வரிசை, நீலச் சட்டை, குச்சியை மடக்கி ஜிப் பையில வைங்க. வெச்சாத்தான் ரைடு ஓடும்." மற்ற பயணிகளே பாதி வேலையை முடித்துவிடுவார்கள். கேட்கவில்லை என்றால் ஒரு ஊழியர் ஏற்றத்தின் பக்கப் படியில் ஏறிப் போய் வாங்க வேண்டும். அவர் இறங்கி வந்து கை காட்டும் வரை பேனலில் இருப்பவர் எந்தப் பட்டனையும் தொடக் கூடாது.

உச்சியைத் தாண்டிவிட்டால் கதை வேறு. ரயிலில் பிரேக் இல்லை. தண்டவாளத்தில் குறிப்பிட்ட இடங்களில்தான் இருக்கிறது. அமுக்கினால் அடுத்த பிரேக் பகுதியில்தான் நிற்கும். அது உயரத்தில் இருந்தால் எல்லோரையும் நடத்தி இறக்க வேண்டி வரும். குச்சியைவிட அது பெரிய தலைவலி. தயாரிப்பாளர் கையேடு வேறு மாதிரி சொல்லாத வரை ஓடி முடியட்டும். ராட்சத ராட்டினம் மாதிரி மெதுவாகச் சுற்றுவதை நிறுத்தித் தொட்டியைக் கீழே கொண்டுவரலாம்.

குச்சி கையை விட்டுப் போயிருந்தால் அடுத்த சுற்றுக்கு ஆள் ஏற்றாதீர்கள். கிளிப் திருகு, உடைந்த குழாய்த் துண்டு தண்டவாளத்திலோ சக்கரத்திலோ சிக்கியிருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, சாவியை உள்ளே போகிறவரே வைத்துக்கொண்டு தேட வேண்டும். பிறகு காலி ரயிலை ஒரு முறை ஓட்டிப் பார்த்து, பதிவேட்டில் நேரத்தோடு எழுதுங்கள்.

விழுந்த போனை எடுக்க வேலி தாண்ட யாரையும் விடாதீர்கள். 2015 ஆகஸ்டில் அமெரிக்காவின் சீடர் பாயிண்ட் பூங்காவில், தவறவிட்ட போனைத் தேடி ராப்டர் என்ற கோஸ்டரின் வேலிக்குள் போனவர் ரயில் மோதி இறந்தார்.

கே: நீர்ச்சறுக்கில் வாட்டர்புரூஃப் பவுச்சில் போட்டு, குச்சியோடு போனால்? (கல்லூரி மாணவி, சித்தூர், பாலக்காடு)

ப: பவுச் போனைக் காப்பாற்றும், உங்களை அல்ல. சறுக்கும்போது கைகளை மார்பின் மேல் குறுக்காகக் கட்டச் சொல்வதே, முழங்கை சுவரில் உரசாமல் இருக்கத்தான். குச்சி பிடித்த கையைக் கட்ட முடியாது. மூடிய குழாய்ச் சறுக்கில் குச்சி குறுக்கே சிக்கினால் உங்களைத் திருப்பிப்போடும்; பின்னால் வருபவர் மேலே வந்து மோதுவார். சறுக்கின் ஃபைபர் பரப்பில் கீறல் விழுந்தால் அது பின்னால் வருகிறவர்களின் முதுகைக் கிழிக்கும். அலைக் குளத்தில் உடைந்த குச்சியின் நுனி அடியில் கிடந்தால் காலில் ஏறும் வரை யாருக்கும் தெரியாது.

கே: எங்கள் பையனிடமிருந்து குச்சியைப் பிடுங்கி, காவலாளி முழங்காலில் வைத்து உடைத்துவிட்டார். 500 ரூபாய் ஃபைனும் கேட்டார்கள். இது சரியா? (வாசகி, பொள்ளாச்சி)

ப: சரியில்லை. பூங்கா தன் இடத்துக்கு நிபந்தனை போடலாம், மீறினால் வெளியே அனுப்பலாம். ஆனால் காவலாளி போலீஸ் அல்ல. பொருளைப் பிடுங்கவோ உடைக்கவோ, சம்மதமில்லாமல் உடம்பைத் தடவிச் சோதிக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. பெண்களைப் பெண் ஊழியர்தான் சோதிக்க வேண்டும். அரசு விதிக்கும் அபராதம் போல ஒரு தனியார் பூங்கா "ஃபைன்" வசூலிக்க முடியாது. ரசீது கேளுங்கள், பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

வாங்கி வைத்த பொருளுக்குப் பூங்கா பொறுப்பு. ஒப்பந்தச் சட்டம் 1872, 151ஆம் பிரிவின்படி, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைக் காப்பது போலக் காக்க வேண்டும். "பொருள்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற வரியை மட்டும் நம்பி மெத்தனமாக இருக்கிற நிர்வாகம், நுகர்வோர் ஆணையத்தில் பதில் சொல்ல வேண்டி வரும். எல்லைக்காரர்களுக்கு ஒரு சௌகரியம்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். பூங்கா கேரளத்தில் இருந்தாலும் நீங்கள் கோவை மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள். டிக்கெட், உடைந்த குச்சியின் படம், நேரம், கேட் எண்: இவற்றை அன்றைக்கே எடுத்து வையுங்கள்.

கே: மலம்புழா ரோப்வேயில் குச்சி நீட்டினால் என்ன? அது மெதுவாகத்தானே போகிறது? (வாசகர், கஞ்சிக்கோடு)

ப: வேகம் பிரச்சினை இல்லை, காற்றும் தூணும்தான். தூணருகே வரும்போது நாற்காலிக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளி குறையும். கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் நீட்டிய குச்சி நுனியில் போன் படகுப் பாய் மாதிரி காற்றை வாங்கும். கீழே தோட்டத்தில் ஆள் நடமாட்டம் இருக்கும். போனுக்குக் கயிறு மாட்டிக் கையிலேயே பிடித்து எடுங்கள், தோட்டத்தில் உள்ள யக்ஷி சிலை படத்தில் நன்றாகவே விழும்.

கே: எங்கள் கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் குச்சி விற்கிறார்கள். விரட்டலாமா? (பூங்கா ஊழியர்)

ப: பொது ரோட்டில் நிற்பவரை விரட்ட உங்களுக்கு உரிமை இல்லை. போன் கயிறும் வாட்டர்புரூஃப் பவுச்சும் விற்கச் சொல்லுங்கள். உள்ளே போகிற எல்லோருக்கும் தேவைப்படும் சரக்கு, அவருக்கும் நல்ல வியாபாரம். உள்ளே உங்கள் சொந்தக் கடையில் குச்சி விற்கிறீர்களா என்றும் ஒருமுறை பாருங்கள்.

கே: என் தம்பிக்குக் கை முழுதாக நீளாது, சக்கர நாற்காலியில் வருவான். குச்சி இல்லாமல் அவனால் படம் எடுக்க முடியாது. (வாசகர், கோவிந்தாபுரம்)

ப: தடையில் இதற்கு இடம் விட வேண்டும். முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள். ரைடு, குளம், சறுக்கு தவிர்த்து மற்ற இடங்களில் பயன்படுத்த, கையில் வண்ணப் பட்டை கட்டி அனுமதிப்பது நல்ல ஏற்பாடு; ரைடு வாசலில் ஊழியர் வாங்கி வைத்து இறங்கும்போது கொடுக்கட்டும். பார்வையற்றோரின் மடிப்புக் கோல், ஊன்றுகோல் இவற்றை இந்தத் தடையோடு குழப்பவே கூடாது.

கே: பதினெட்டுப் பேர் வருகிறோம். குச்சி இல்லாமல் எல்லோரும் ஒரே படத்தில் வருவது எப்படி? (குடும்பத் தலைவி, கோபாலபுரம்)

ப: பின் கேமராவின் 0.5 வைட் லென்ஸுக்கு மாற்றி, டைமரை 10 விநாடிக்கு வையுங்கள். திண்ணையிலோ சுவரிலோ பாட்டிலைச் சாய்மானம் வைத்து போனை நிறுத்தி, மூன்று மீட்டர் தள்ளி இரண்டு வரிசையாக நில்லுங்கள்; வைட் லென்ஸ் ஓரத்தில் நிற்பவரைப் பருமனாகக் காட்டும் என்பதால் குழந்தைகளை ஓரத்தில் விடுங்கள். ஒயர் ஹெட்செட்டின் வால்யூம் பட்டன் பல போன்களில் ஷட்டராக வேலை செய்யும். பூங்காக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: கூட்டம் படமெடுக்க நிற்கும் நாலைந்து இடங்களில் தரையில் சிமென்ட் போட்டு ஊன்றிய ஒரு கம்பம், 130 சென்டிமீட்டர் உயரத்தில் 55 முதல் 90 மில்லிமீட்டர் வரை விரியும் கிளிப், எதிரே நிற்கத் தரையில் மஞ்சள் கோடு. கிளிப் ஸ்பிரிங் மழையில் துருப்பிடிக்கும். இரண்டு உதிரி கையில் இருக்கட்டும்.