மோட்டர் ஓட மாட்டேங்குது: வீட்டு ஆங்கிலமும் ஊர் ஆங்கிலமும், கேள்வி பதில்

காட்பாடி காந்தி நகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு மாலை ஆங்கிலப் பேச்சு வகுப்பு. தரை ஆறின பிறகுதான் பாய் விரிக்க முடியும், வேலூர் வெயில் அப்படி. இந்த வாரம் கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷுட், ஷேல், வில், வுட் ஆகிய துணைவினைகளை வீடு, வாடகை, தெரு என்று அன்றாடப் பேச்சில் வைத்துப் பழகினோம். சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு நேரம் போதவில்லை, அதனால் எழுதியே தருகிறேன். ஆங்கிலத்தைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். முதலில் வாய் பழகட்டும், எழுத்துக்கூட்டலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தோட்டப்பாளையம், லாட்ஜ் வரவேற்பில் இருக்கும் தம்பி: டீச்சர், வைத்தியத்துக்காகக் கொல்கத்தாவிலிருந்து வந்த குடும்பத்திடம் "ரூமில் சமைக்க வேண்டாம்" என்பதை "யூ டோன்ட் ஹேவ் டு குக் இன் த ரூம்" என்று சொன்னேன். சிரித்துத் தலையாட்டினார்கள். மறுநாள் காலையில் ரூமில் மீன் குழம்பு கொதிக்கிறது. நான் சொன்னதில் என்ன தப்பு?

அவர்கள் மேல் தப்பே இல்லை தம்பி. "நீங்கள் சமைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, விருப்பமிருந்தால் சமையுங்கள்" என்று நீங்களே உத்தரவு கொடுத்துவிட்டீர்கள்.

வில்லன் "வேண்டாம்" என்ற சொல்தான். அதற்குள் இரண்டு அர்த்தம் ஒளிந்திருக்கிறது. "செய்யக் கூடாது" என்பது ஒன்று, "செய்யத் தேவையில்லை" என்பது இன்னொன்று. தமிழில் முகத்தைப் பார்த்தே எது என்று புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டும் இரண்டு கதவு. கூடாது என்றால் மஸ்ட் நாட், பேச்சில் சுருக்கி "மஸன்ட்". நடுவில் இருக்கும் 'ட்' ஒலிக்காது. தேவையில்லை என்றால் "டோன்ட் ஹேவ் டு". வாயைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் "வேண்டாம்" எந்த வகை என்று தமிழிலேயே ஒருமுறை மாற்றிப் பாருங்கள். அதன் பிறகு தப்பு வராது. "முன்பணம் இப்போதே கட்ட வேண்டாம்" என்றால் டோன்ட் ஹேவ் டு. "மின்விசிறியில் துணி காயப்போட வேண்டாம்" என்றால் மஸன்ட்.

ஆனால் நோயாளியோடு வந்து களைத்து நிற்கிறவரிடம் "யூ மஸன்ட்" என்று ஆரம்பிப்பது அதட்டல் மாதிரி இருக்கும். "ஐ'ம் சாரி, குக்கிங் இஸ் நாட் அலவ்ட் இன் த ரூம்ஸ்" என்று சொல்லுங்கள். மாடியில் பொது அடுப்படி இருந்தால், "பட் யூ கேன் யூஸ் த கிச்சன் அப்ஸ்டேர்ஸ்" என்று சேர்த்துவிடுங்கள்.

சத்துவாச்சாரி, ஹவுசிங் போர்டு வீட்டுக்காரம்மா: மாடியில் வடநாட்டுப் பையன்கள் குடியிருக்கிறார்கள். "மோட்டர் ஓட மாட்டேங்குது" என்பதை எப்படிச் சொல்வது? என் பேத்தி "த மோட்டர் வோன்ட் ஸ்டார்ட்" என்கிறாள். வோன்ட் என்றால் நாளைக்கு நடக்கப்போவது இல்லையா?

பேத்தி சொன்னதுதான் சரி அம்மா. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

"மாட்டேன்" என்பது ஒரு ஆள் மறுப்பது. உயிரில்லாத மோட்டரைப் போய் "மாட்டேங்குது" என்கிறோமே, அது என்னவோ நம்மிடம் அடம்பிடிப்பது போல. ஆங்கிலக்காரரும் அப்படியேதான் நினைக்கிறார். வில் நாட், அதாவது வோன்ட், இந்த இடத்தில் எதிர்காலம் இல்லை, பிடிவாதம். கதவு சாத்த மாட்டேங்குது: "த டோர் வோன்ட் ஷட்". பூட்டு திறக்க மாட்டேங்குது: "த லாக் வோன்ட் ஓப்பன்". நேற்று நடந்ததைச் சொன்னால் வோன்ட் போய் வுடன்ட் வரும்: "த மோட்டர் வுடன்ட் ஸ்டார்ட் எஸ்டர்டே". உங்கள் வீட்டுப் பையன்களுக்கு மோட்டர் என்றாலே புரியும். வெளிநாட்டில் பேசும்போது "வாட்டர் பம்ப்" என்று சொல்லுங்கள், மோட்டர் அங்கே எதில் வேண்டுமானாலும் இருக்கும்.

பாகாயம், நர்ஸ், வெளிநாடு போக ஐயெல்ட்ஸ் என்கிற ஆங்கிலத் தேர்வுக்குப் படிப்பவர்: பேச்சுத் தேர்வின் முதல் பகுதியில் வீடு, சொந்த ஊர் பற்றிக் கேட்பார்களாமே. லண்டனில் இருக்கும் அண்ணியிடம் போனில் பழகிப் பார்த்தேன். "வீ லிவ் இன் எ போர்ஷன் ஆன் லீஸ். த ஹால் இஸ் பிக். வீ ஸ்லீப் ஆன் த டெரஸ். அப்பா பாட் ஒன் கிரவுண்ட் இன் ரங்காபுரம்" என்றேன். அண்ணி விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

அப்பா பாட் என்பதை மட்டும் "மை ஃபாதர் பாட்" என்று மாற்றிவிடுங்கள். இலக்கணத்தில் வேறு குறை இல்லை. ஒவ்வொரு சொல்லும் நம் ஊரில் ஒன்றைக் குறிக்கிறது, அங்கே வேறொன்றை. அதுதான் சிரிப்பு.

லீஸ் முதலில். நம்மிடம் லீசுக்கு என்றால் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் இருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்குவது. ஆங்கிலத்தில் லீஸ் வெறும் குடியிருப்பு ஒப்பந்தம். மாதாமாதம் வாடகை கொடுப்பவரும் லீஸில்தான் இருக்கிறார். நம் முறைக்கு அங்கே தனிப் பெயர் கிடையாது, "வீ பெய்ட் எ லம்ப் சம் இன்ஸ்டெட் ஆஃப் மந்த்லி ரென்ட்" என்று விளக்கித்தான் ஆக வேண்டும். அட்வான்ஸ் என்பதும் அப்படித்தான், அங்கே அது டெபாசிட். தமிழ்நாட்டு வீட்டு வாடகைச் சட்டம், 2017-இல் வந்ததே, அதன் ஆங்கில வாசகத்திலும் செக்யூரிட்டி டெபாசிட் என்றுதான் இருக்கிறது. வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அதை வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. இங்கே பலருக்கு இது தெரியாது, தெரிந்தவரும் வீடு கிடைத்தால் போதும் என்று வாய் திறப்பதில்லை.

ஹால் என்றால் லண்டனில் வாசல் கதவைத் திறந்ததும் வரும் ரேழி. "ரேழி பெரிசு" என்று நீங்கள் சொன்னது அண்ணிக்குக் கேட்டிருக்கும். நாம் டி.வி. பார்க்கும் அறை லிவிங் ரூம். டெரஸ் என்றால் அங்கே ஒன்றையொன்று ஒட்டிய வீட்டு வரிசையும் நினைவுக்கு வரும். மொட்டை மாடிக்கு "ஃப்ளாட் ரூஃப்" என்று சொன்னால் குழப்பம் இல்லை. போர்ஷனைச் சாப்பாட்டுத் தட்டில்தான் தேடுவார்கள். "வீ ரென்ட் த அப்பர் ஃப்ளோர் ஆஃப் எ ஹவுஸ்" போதும். ஒரு கிரவுண்ட் நமக்கு 2400 சதுர அடி, அவர்களுக்கு விளையாட்டு மைதானம். உங்கள் அப்பாவைக் கிரிக்கெட் கிளப் முதலாளி ஆக்கிவிட்டீர்கள்! "எ பிளாட் ஆஃப் லேண்ட்" என்று சொல்லுங்கள். இந்தப் பிளாட்டை உதடு குவித்து 'ஒ' சாயலில் சொல்ல வேண்டும். அடுக்குமாடி ஃப்ளாட்டுக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிப் பழகி வாயும் ஒன்றாக்கிவிட்டது.

பேஸ்மட்டத்தையும் கவனியுங்கள். கொத்தனார் சொல்வது தரைக்கு மேலே எழுப்பும் அடிமேடை. ஆங்கில பேஸ்மென்ட் பூமிக்குள் இருக்கும் தளம்.

காட்பாடி ஸ்டேஷன், ஆட்டோ ஓட்டும் அண்ணன்: "கிரீன் சர்க்கிள் வழியா போகலாம், டிராஃபிக் இருக்கலாம், ஆஸ்பத்திரி கேட்லயே இறங்கலாம்." மூணு லாமுக்கும் ஒரே சொல் போடலாமா டீச்சர்?

போட முடியாது அண்ணா, மூன்றும் மூன்று வேலை செய்கிறது. முதல் லாம் யோசனை: "வீ கேன் கோ பை கிரீன் சர்க்கிள்". சவாரியின் சம்மதம் வேண்டுமானால் "ஷேல் வீ". இரண்டாவது ஊகம்: "தேர் மைட் பி டிராஃபிக்". அந்த இடத்தில் மைட் என்பதே பெரிய நம்பிக்கை. மூன்றாவது வசதி: "யூ கேன்". ஆனால் "கெட் டவுன்" நம் நாட்டு வழக்கு, "கெட் அவுட்" சரியான ஆங்கிலம் என்றாலும் நம் காதுக்குத் திட்டு மாதிரி விழும். இரண்டும் வேண்டாம். "ஐ கேன் டிராப் யூ அட் த கேட்" என்று முடித்துவிடுங்கள்.

விருதம்பட்டு, கல்லூரி மாணவி: "ஒரு மாசம் அலைந்து ரூம் கண்டுபிடிக்க முடிந்தது" என்பதற்கு "ஐ குட் ஃபைண்ட் எ ரூம்" என்று எழுதினேன். வட்டம் போட்டுவிட்டார்கள்.

குட் என்பது பொதுவான திறமைக்கு. சின்ன வயசில் நீந்த முடியும் என்றால் குட். ஒரு தடவை பாடுபட்டுச் சாதித்ததற்கு "ஐ மேனேஜ்ட் டு" அல்லது "ஐ வாஸ் ஏபிள் டு". முடியவில்லை என்றால் மட்டும் "குடன்ட்" தாராளமாக வரும். இன்னொன்று, "கேன் ஏபிள் டு" என்று நம் ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்கள். முடியும் முடியும் என்று இரண்டு தடவை சொல்வது அது.

கொசப்பேட்டை, பெயர் போடாத சீட்டு: வாடகை ஒப்பந்தத்தில் "த டெனன்ட் ஷேல்" என்று வரிக்கு வரி வருகிறதே?

சட்ட ஆங்கிலத்தில் ஷேல் என்றால் கட்டாயம். மே என்றால் உரிமை உண்டு, விரும்பினால் செய்யலாம். உங்களுக்கு எத்தனை ஷேல், வீட்டுக்காரருக்கு எத்தனை மே என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வேலப்பாடி, இல்லத்தரசி: எதிர்வீட்டில் லைட் எரிகிறது. "ஆள் இருக்கணும்" என்பதற்கும் மஸ்ட் தானா?

மஸ்ட்தான். "சம்படி மஸ்ட் பி அட் ஹோம்". கடமைக்கும் ஊகத்துக்கும் தமிழில் ஒரே "ணும்", ஆங்கிலத்தில் ஒரே மஸ்ட். எதிர்மறைக்கு மஸன்ட் போடாதீர்கள். "இருக்க முடியாது" என்றுதானே சொல்வோம்? அங்கேயும் "கான்ட் பி". "சொல்லியிருக்கணும்" மட்டும் பிரியும். "முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லல" என்று குறைப்பட்டால் ஷுட் ஹேவ். "அவதான் சொல்லியிருக்கணும், வேற யாரு" என்று சந்தேகப்பட்டால் மஸ்ட் ஹேவ்.

சைதாப்பேட்டை, ஓய்வு பெற்ற பெரியவர்: பேரனுக்குப் பழைய வேலூரைச் சொல்ல வேண்டும். யூஸ்ட் டு, வுட் இரண்டில் எது?

ஐயா, நம் தமிழே வழி காட்டுகிறது. "அப்பல்லாம் பாலாத்துல தண்ணி வந்தா பாலத்துல நின்னு பார்ப்போம்." நடந்து முடிந்ததற்கு "பார்ப்போம்" என்று எதிர்கால உருவத்தையே போடுகிறோம் பாருங்கள். இப்படி வருகிற இடத்தில் வுட் பொருந்தும்: "வீ வுட் ஸ்டாண்ட் ஆன் த பிரிட்ஜ் அண்ட் வாட்ச்". நிலைமையைச் சொல்லும்போது யூஸ்ட் டு மட்டும்: "வேலூர் யூஸ்ட் டு பி த ஹெட்குவார்ட்டர்ஸ் ஆஃப் நார்த் ஆர்காட்". 1989-இல் அந்த வடஆற்காடு மாவட்டம் பிரிந்தது, 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிந்தன, இவையெல்லாம் ஒருமுறை நடந்தவை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததும் அப்படியே. அவற்றுக்கு இரண்டும் வேண்டாம், சாதாரண இறந்தகாலம் போதும்.

மறுபடியும் தோட்டப்பாளையம் தம்பி: மீன் குழம்புக் குடும்பம் நேற்று ஊருக்குக் கிளம்பியது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "யூ மஸ்ட் கம் டு அவர் ஹவுஸ்" என்றார். மஸ்ட் கட்டாயம் என்றீர்களே, நான் என்ன பதில் சொல்லியிருக்கணும்?

நம் வீட்டுப் பெரியவர்கள் "நீ அவசியம் வரணும்ப்பா" என்பார்களே, அந்த மஸ்ட் அது. "ஐ'ட் லவ் டு" என்று சொல்லியிருக்கலாம். குழம்பு உங்களுக்கும் ஒரு கிண்ணம் வந்ததா இல்லையா, அதை எழுத விட்டுவிட்டீர்களே!