வாசகர் கேள்வி: மிருதங்கமும் கீழ்வீட்டுத் தட்டலும்

கேள்வி: சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். மகன் மாலையில் மிருதங்கம் சாதகம் செய்தால் கீழ்வீட்டுச் சீன முதியவர் கம்பால் கூரையைத் தட்டுகிறார். தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தும் முகம் கொடுப்பதில்லை. போலிசில் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். சீருடை வாசலில் வந்து நின்றால் அவருக்குத் தலைகுனிவு. அப்புறம் பேச்சுக்கே இடமிருக்காது. முறுக்கும் பதிலாகாது. சத்தம் அப்படியே இருக்க, தின்பண்டம் வாய்ப்பூட்டாகத்தான் தெரியும்.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். தரையில் உட்கார்ந்து வாசிக்கும் வாத்தியம். தொப்பியின், அதாவது கனத்த நாதம் தரும் பக்கத்தின், அதிர்வு கான்கிரீட் வழியே இறங்கும். விரல் தடிமன் ரப்பர் பாய், அதன்மேல் மடித்த கனத்த விரிப்பு போடுங்கள். காற்றில் போகும் ஒலிக்குப் பாய் உதவாது, சன்னலைச் சாத்த வேண்டும். இரவு 10க்கு மேல், காலை 8 வரை தொடவே வேண்டாம்.

பிறகு போய்ப் பாருங்கள், ஆனால் சாப்பாட்டு நேரத்திலோ அவர் தட்டிய அன்றோ அல்ல. வசிப்போர் குழுவில் மாண்டரின் பேசும் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். “எந்த நேரம் உங்களுக்குச் சிரமம்?” என்று கேட்டுத் தொடங்குங்கள். ‘குறைத்துக்கொள்கிறோம்’ என்ற வாக்கு ஒரு மாதம்கூட நிற்காது: குறைவு என்றால் எவ்வளவு என்பதில் இருவருக்கும் இரு கணக்கு. எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த அறை, திருவிழாக் காலத்தில் எத்தனை நாள் முன்பே சொல்வது, மறுபடி எப்போது பேசுவது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் நீங்களே விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். அண்டைவீட்டார் இருக்கும்போது கறி சமைப்பதில்லை என ஓர் இந்தியக் குடும்பம் சமரசப் பேச்சில் ஒப்புக்கொண்டது. அந்த அண்டைவீட்டார் பதிலுக்கு ஒப்புக்கொண்டதோ கறியைச் சுவைத்துப் பார்ப்பது! அந்தப் பழைய சங்கதி 2011இல் செய்தியானதும் கொதித்துப்போன பலர் ஆகஸ்ட் 21 அன்று கறி சமைத்துக் காட்டினார்கள்.

கேள்வி: அண்டைவீட்டார் சமரசத்துக்கு வர மறுத்தால்?

பதில்: 1998 முதல் இயங்கும் சமூக சமரச நிலையத்தில் தொண்டூழியச் சமரசர் தீர்ப்புச் சொல்வதில்லை, பேச வழிசெய்வார். வருவது அவரவர் விருப்பமாக இருந்தது. 2024 நவம்பரில் நிறைவேறிய சட்டத்திருத்தம் கட்டாயப்படுத்தவும் இடம் தருகிறது. கடைசிப் படி, 2015இல் அமைந்த சமூகப் பூசல் தீர்வு நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை இழப்பீடு கேட்கலாம். அங்கே குமுறல் எடுபடாது. தேதி, தொடங்கிய மணி, முடிந்த மணி, என்ன சத்தம் என்று அன்றன்றே எழுதிய குறிப்பு எடுபடும். அவர் வாசலை நோக்கிக் கேமரா வைத்தால், அடுத்த புகார் உங்கள்மேல் வரும்.