சாயமும் ஓட்டமும்

அன்புள்ள ஐயா,

பேரனுக்கு ஒரு சட்டை எடுத்தோம். அதன் சீட்டில் 'ஃபாஸ்ட் கலர்' என்று போட்டிருந்தது. "அப்போ சாயம் சீக்கிரம் போயிடுமா தாத்தா?" என்று கேட்டான். போகாது என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஃபாஸ்ட் என்றால் வேகம்தானே? எனக்கே விளங்கவில்லை.

க., ஈரோடு

அன்புள்ள க.,

பேரன் நல்ல இடத்தில்தான் கை வைத்திருக்கிறான். ஃபாஸ்ட் என்ற சொல்லுக்கு வேகம் என்பது பின்னால் வந்து சேர்ந்த பொருள். பழைய ஆங்கிலத்தில் அதற்கு உறுதியான, அசையாத என்று அர்த்தம். ஜெர்மனில் 'ஃபெஸ்ட்' என்றால் இன்றும் கெட்டிதான். விமானத்தில் பெல்ட்டை 'ஃபாசன்' பண்ணச் சொல்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம். 'ஃபாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்றால் பிரியாத நண்பர்கள். சட்டென்று ஒட்டிக்கொண்டவர்கள் என்று நானே வெகுநாள் தப்பாக நினைத்திருந்தேன்.

உங்கள் சட்டையில் இருப்பது துணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட சாயம். பக்கத்தில் திருப்பூரில் போய் 'ஃபாஸ்ட்னஸ்' என்று சொல்லிப் பாருங்கள், வேகம் யார் நினைவுக்கும் வராது. சாயத்துணியோடு வெள்ளைத் துணியைச் சேர்த்துத் துவைத்து, நிறம் எவ்வளவு இறங்கியது, வெள்ளையில் எவ்வளவு ஏறியது என்று பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். 5 வாங்கினால் அது அசையாத சாயம்.

சரி, அசையாத சொல் எப்படி ஓட ஆரம்பித்தது? உறுதியாக என்பது பலமாக, விடாமல் என்று ஆனது. விடாப்பிடியாக ஓடுகிறவன் வேகமாகத்தானே ஓடுவான்? அந்த வழியில் பொருள் நழுவிவிட்டது. நமக்கும் இது புதிதில்லை. 'கடுமை'யிலும் 'கடு' இருக்கிறது, 'கடுகி வந்தான்' என்பதிலும் இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் எக்ஸ்பிரஸ் ரயிலைக் 'கடுகதி' என்பார்கள். நாமும் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

விரதத்தைக் குறிக்கும் ஃபாஸ்ட்டுக்கும் வேர் இதுதான்: நியமத்தை விடாமல் பிடித்திருப்பது. லேபில் எடுக்கும் 'ஃபாஸ்டிங் சுகர்' அந்தக் கிளை. கேமராக்காரர்களின் 'ஃபாஸ்ட் லென்ஸ்' வேகத்தின் பக்கம். வெளிச்சத்தை நிறைய உள்ளே விடுவதால் ஷட்டர் சட்டென்று மூடிக்கொள்ளலாம்.

அப்புறம், சீட்டில் என்ன போட்டிருந்தாலும் முதல் தடவை அந்தச் சட்டையைத் தனியாகவே துவைக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு வெள்ளை வேட்டிகள் ரோஸ் ஆகிக் கிடக்கின்றன.